கிர்க்கும் ஸ்பாக்கும் புளியறை வழியாக வந்திருந்தால்...

1967 ஏப்ரல் 6, வியாழக்கிழமை. இங்கே மெட்ராஸில் அண்ணா முதலமைச்சராகி அன்றோடு சரியாக ஒரு மாதம். அமெரிக்காவில் அன்று ராத்திரி என்.பி.சி. சேனலில் ஸ்டார் ட்ரெக் தொடரின் ‘தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்’ என்ற எபிசோட் ஒளிபரப்பானது. ஸ்டார் ட்ரெக் என்றாலே கூர்க்காது மனிதர், பளபளக்கும் பட்டன்கள், ஏதோ ஒரு கிரகத்தில் சண்டை என்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள் கூட இந்த ஒன்றை மட்டும் பார்க்கலாம். இதில் விண்வெளியே குறைச்சல்தான். பெரும்பகுதி 1930-ம் வருஷத்து நியூயார்க் தெருவில் நடக்கிறது.

கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டி விடுங்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனியும் ரகசியம் காப்பது என் வேலையில்லை :)

டாக்டர் மெக்காய் தவறுதலாக ஒரு மருந்தைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு, புத்தி பேதலித்து, ஒரு பாழடைந்த கிரகத்தில் இருக்கும் பேசும் கல் வளையத்துக்குள் குதித்து விடுகிறார். அது காலத்தின் வாசல். அவர் கடந்த காலத்தில் என்னவோ செய்துவிட, வானத்தில் நின்றிருந்த கப்பலே இல்லாமல் போகிறது. சரிசெய்ய கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் பின்னால் போகிறார்கள். பொருளாதார மந்தத்தில் வேலையில்லாமல் அலைபவர்களுக்குச் சோறு போடும் ஈடித் கீலர் என்ற பெண்ணிடம் (நடித்தவர் ஜோன் காலின்ஸ்) அடைக்கலம். கிர்க் அவளைக் காதலிக்கிறான். ஸ்பாக் பழைய வால்வுகளைக் கோத்து ஒரு கருவி செய்து பார்த்தால் இரண்டு எதிர்காலம் தெரிகிறது. ஒன்றில் அவள் 1930-லேயே சாலை விபத்தில் சாகிறாள். இன்னொன்றில் பிழைத்து, சமாதான இயக்கம் நடத்தி, அதனால் அமெரிக்கா போருக்கு வருவது தாமதமாகி, ஜெர்மனி முதலில் அணுகுண்டு செய்து ஜெயித்து விடுகிறது. ஆகவே அவள் சாக வேண்டும். கடைசியில் லாரி வரும்போது காப்பாற்ற ஓடும் மெக்காயைக் கிர்க் இழுத்துப் பிடித்துக்கொள்கிறான். அவ்வளவுதான்.

கதை எழுதியவர் ஹார்லன் எல்லிசன். அவர் எழுதியதில் கிர்க்கால் அதைச் செய்ய முடியாது, ஸ்பாக்தான் தடுப்பார். தொடர்க்காரர்கள் ஆளாளுக்குத் திருத்தி எழுத, எல்லிசன் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டார். வேடிக்கை என்னவென்றால், ஒளிபரப்பானதற்கு ஹ்யூகோ விருது கிடைத்தது, அவருடைய அசல் எழுத்துக்கு எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. எனக்கு எல்லிசன் முடிவுதான் பிடித்திருக்கிறது. காதலித்த ஒருவன் கணக்குப் போட்டு விலகி நிற்பதை விட, நிற்க முடியாமல் போவதுதான் நம்பும்படி இருக்கிறது.

கதையை விட்டு இதிலுள்ள சரித்திரத்தை மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஈடித் கீலர் கற்பனை. ஆனால் அந்த மாதிரி ஒருவர் நிஜமாகவே இருந்தார். சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தை நடத்திய ஜேன் ஆடம்ஸ். ஏழைகளுக்கு உழைத்தார், முதல் உலகப்போரை எதிர்த்துத் திட்டு வாங்கினார், 1931-ல் நோபல் சமாதானப் பரிசு பெற்றார். அவரும் அவரைப் போன்றவர்களும் அத்தனை பாடுபட்டும் என்ன ஆனது? அமெரிக்கா விவாதம் நடத்தி முடிவெடுத்துப் போருக்குப் போகவில்லை. 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டது. மறுநாள் பிரதிநிதிகள் சபையில் போருக்கு எதிராக விழுந்தது ஒரே ஓட்டு, ஜீனெட் ராங்கின் என்ற பெண் உறுப்பினருடையது. ஜெர்மனியின் அணுகுண்டு முயற்சியும் வெற்றிக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. ஒரு பெண் லாரிக்குத் தப்பியிருந்தால் இதெல்லாம் புரண்டிருக்கும் என்பது டி.வி. சரித்திரம்.

இதில் எனக்கு உறுத்தும் விஷயம் வேறு. அவள் சொன்னது சரி, சொன்ன காலம்தான் தவறு என்கிற மாதிரி ஸ்பாக் ஒரு இடத்தில் பேசுவார். இது ஒளிபரப்பாவதற்கு இரண்டே நாள் முன்பு, ஏப்ரல் 4 அன்று, அதே நியூயார்க்கில் ஒரு தேவாலயத்தில் நின்று மார்ட்டின் லூதர் கிங் வியட்நாம் போரைக் கண்டித்துப் பேசினார். அவருக்கும் கிடைத்த பதில் ஏறக்குறைய அதேதான். இது நேரமில்லை. சரியாக ஒரு வருஷம் கழித்து 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ‘நேரம் சரியில்லை’ என்பதை யார் தீர்மானிப்பது? கிர்க்கிடமாவது எதிர்காலம் காட்டும் பெட்டி ஒன்று இருந்தது.

சரி, அந்தக் கல் வளையத்தை எங்கள் பக்கம் திருப்புவோம். செங்கோட்டையில் பிறந்த வாஞ்சிநாதன் புனலூரில் காட்டிலாகாவில் வேலை பார்த்தவர். புனலூரிலிருந்து செங்கோட்டை வர வேண்டுமென்றால் ஆரியங்காவு தாண்டி எங்கள் புளியறைப் பக்கமாகத்தான் மலையிறங்கியாக வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில் ரயில் பெட்டிக்குள் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் குறி தவறியிருந்தால்? ஆஷ் வேறு ரயிலில் போயிருந்தால்?

யோசித்துப் பார்த்தால் பெரிய மாற்றம் தெரியவில்லை. வ.உ.சி. 1908-லேயே சிறைக்குப் போய்விட்டார். சுதேசிக் கப்பல் கம்பெனி நொடித்துப் போயிருந்தது. பாரதி புதுச்சேரியில் இருந்தார். மாறியிருக்கக் கூடியது சிலருடைய வாழ்க்கை. நீலகண்ட பிரம்மச்சாரியும் மற்றவர்களும் சதி வழக்கில் சிக்கியிருக்க மாட்டார்கள், ஆஷின் மனைவி விதவையாகியிருக்க மாட்டார். இவர்களுக்கு அது பெரிய மாற்றம்தான், சரித்திரப் புத்தகத்துக்குத்தான் இல்லை.

நிஜமான திருப்பம் 1956-ல் இருக்கிறது. அதுவரை புளியறை, செங்கோட்டை எல்லாம் திருவிதாங்கூர். சர்க்கார் காகிதத்தில் கொல்லம் ஆண்டு, கையில் சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28 சக்கரம் 8 காசு. (பி.காம். படிப்பவனுக்கு இதைப் படித்தாலே தலை சுற்றும், அந்தக் காலத்தில் தென்காசிச் சந்தைக்கு வந்து போனவர்கள் எப்படிக் கணக்கு வைத்தார்களோ!) எங்கள் வீட்டுப் பழைய பத்திரம் ஒன்று மலையாளத்தில் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையும் தெற்கே அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் மெட்ராஸ் மாநிலத்தில் சேர்ந்தன. கொல்லம் கணக்குப்படி அது 1132.

இதற்குப் பின்னால் நேசமணியின் போராட்டம் இருக்கிறது, 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கோடு எங்கே விழ வேண்டும் என்பதற்கு ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் என்ற மூன்று பேர் கொண்ட கமிஷனின் 1955 அறிக்கைதான் ஆதாரமானது. செங்கோட்டைக்கும் தென் தாலுகாக்களுக்கும் மொழியைப் பார்த்தார்கள். தமிழர் அதிகமிருந்த தேவிகுளம், பீர்மேடுக்கு வந்ததும் தோட்ட வேலைக்கு வந்தவர்கள் என்று சொல்லி மலையாளப் பக்கமே விட்டுவிட்டார்கள். எனக்கு ஒரு கால வாசல் கிடைத்தால் மணியாச்சிக்குப் போக மாட்டேன், அந்த அறிக்கை டைப் ஆன அறைக்குத்தான் போவேன். போய் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். தேவிகுளத்தை இந்தப் பக்கம் தள்ளினால் இன்னொரு ஊரில் இன்னொருவன் வீட்டில் வாசிக்கத் தெரியாத பத்திரம் இருக்கும்.

முல்லைப் பெரியாறு அணை இருப்பது அந்தப் பீர்மேடு தாலுகாவில். கோடு நாலு மைல் தள்ளி விழுந்திருந்தாலும் இரண்டு மாநிலம் சுப்ரீம் கோர்ட்டில் நின்று 2006-லும் 2014-லும் 142 அடிக்குத் தீர்ப்பு வாங்கியிருக்குமா என்று தெரியாது. அணைக்கான குத்தகை 1886-ல் திருவிதாங்கூரோடு போட்டது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். அதை 30 ரூபாயாக்கியது 1970-ல்தான். குத்தகைக் காலம் 999 வருஷம், முடிவது 2885-ல். கேப்டன் கிர்க் வாழ்ந்ததாகச் சொல்லப்படுவது 23-ம் நூற்றாண்டு. அவர் கப்பலை ஓட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்தக் குத்தகையில் இன்னும் அறுநூறு வருஷம் பாக்கியிருக்கும்.