மாட்டுங்காவும் தாராவியும்: நடுவே ஒரு ரயில் பாதை

மும்பையில் உத்தியோகம் பார்த்த நம்மவர்களிடம் மாட்டுங்கா என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். காபிப்பொடி வாசனையும் பூக்கடைகளும் ஆஸ்திக சமாஜமும் கண்முன் வந்து நிற்கும். அந்தப் பேட்டையின் சரித்திரத்தில் நாம் பெருமைப்பட நிறைய இருக்கிறது. யோசிக்கவும் கொஞ்சம் இருக்கிறது.

1896-ல் பம்பாயை பிளேக் தாக்கியது. ஊர் நெரிசலைக் குறைப்பதற்காக 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் ஏற்பட்டது. அது வகுத்த தாதர்–மாட்டுங்கா திட்டத்தில் எழுந்த வீடுகளில் தென்னிந்தியர் குடியேறினர். மெட்ரிகுலேஷன், டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து மூன்றும் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். அத்திம்பேர் ஆபீசில் காலியிடம் என்று கடிதம் வந்தால் மைத்துனன் ரயிலேறிவிடுவான். குடியேறியவர்களின் குழந்தைகளுக்காக 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும், சங்கீதத்துக்காக 1952-ல் ஷண்முகானந்த சபாவும் தோன்றின.

ஒரே ஊர்ப்பக்கம், ஒரே படிப்பு, ஒரே பழக்கவழக்கம் என்று இருப்பவர்கள் கூடினால் அபிப்பிராய பேதம் குறைவு. முடிவு சீக்கிரம் வரும். இதைத் திறமை என்றே நாம் எண்ணினோம். வெளியே வேலை தேடி நின்ற மராட்டி இளைஞனுக்கு அது வேறு மாதிரி தெரிந்தது. 1960-ல் தொடங்கிய ‘மார்மிக்’ வார இதழ், ஆபீஸ்களில் இருந்த தென்னிந்தியர் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966 ஜூன் 19-ல் சிவசேனை பிறந்தது. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. அந்த வன்முறைக்கு நியாயம் கிடையாது. ஆனால் திறமைக்குக் கிடைத்தது என்று நாம் நினைத்த வேலைகளில் அத்திம்பேரின் சிபாரிசும் கலந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள நமக்கு வெகு நாளாயிற்று.

எனக்கு அது உறைத்தது 1980-களில். நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில், தாராவியின் சிறு பட்டறைகளைக் கணக்கெடுக்க ஐந்து பேர் கமிட்டி போட்டார்கள். அதில் என்னையும் சேர்த்து மூவர் மாட்டுங்கா, செம்பூர்வாசிகள்; எல்லோரும் பட்டதாரிகள். அரை மணியில் திட்டம் தயார்: பகல் 11 முதல் 4 வரை வீடு வீடாகச் சென்று படிவம் நிரப்புவது. ஒரு மாதத்தில் பாதிப் படிவங்கள் காலியாகவே திரும்பின. ஒத்துழைப்பு இல்லை என்று மேலிடத்துக்கு எழுதத் தயாரானோம்.

அப்போது எங்கள் பியூன் தயங்கிச் சொன்னார்: “ஐயா, பைலோட போனா இடிக்க வந்திருக்காகன்னு பயப்படுவாங்க. அங்கே வீடு வேற, பட்டறை வேற இல்லை. ஞாயித்துக்கெழமை டீக்கடையிலே உக்காந்து பேசுங்க, எல்லாம் சொல்லுவாங்க.” அப்படியே செய்தோம். படிவங்கள் நிரம்பின.

அவர் திருநெல்வேலிக்காரர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்தச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவி வந்த தமிழர்கள் உண்டு. சயான் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். இருவருக்கும் தாய்மொழி ஒன்றுதான். பல வருஷம் என் மேஜைக்கு பைல் கொண்டுவந்தவரிடம், “வீடு எங்கே?” என்று அன்றுதான் கேட்டேன். விஞ்ஞானம் படித்தவன் நான். பரிசோதனைக்கு எடுக்கும் மாதிரி ஒரே இடத்திலிருந்து வந்தால் முடிவு பிசகும் என்பது தெரியும். கமிட்டிக்கும் அந்த விதி பொருந்தும் என்று மட்டும் தோன்றவில்லை.

இன்று தாராவி மறுசீரமைப்பு நடக்கிறது. டீக்கடைக்காரரையும் தோல் பட்டறைக்காரரையும் உட்கார வைத்துக் கேட்டால்தான் அதுவும் உருப்படும்.

நம் சங்கத்துக்கும் இது பாடம். ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளம் யாருக்கு என்பதை என்னைப் போன்ற ரிடையர்டு ஆசாமிகளே தீர்மானித்தால் எப்படி? கல்யாணச் சமையலுக்குப் போகிறவர், அப்பளம் இட்டுப் பிள்ளையைப் படிக்க வைக்கும் மாமி இவர்களில் இருவரையாவது அடுத்த கமிட்டியில் சேர்ப்போம். கூட்டம் முடியக் கொஞ்சம் நேரமாகும், ஆகட்டுமே.