ஞானப்பாட்டும் ஆர்கனும்

எங்கள் ராயபுரம் பக்கத்து லுத்தரன் வீடுகளில் "ஆர்கன்" என்று சொன்னால் அது கால்மிதி ஆர்மோனியம்தான். கோயிலில் பீடத்துக்கு இடது பக்கம் இருக்கும். மிதிக்கும்போது பெடல் கிறீச்சிடும். அந்தக் கிறீச்சும் ஆராதனையின் ஒரு பகுதி என்றே சிறுவயதில் நினைத்திருந்தேன். உண்மையான பைப் ஆர்கனை முதலில் கேட்டது எழும்பூர் கிர்க்கில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனையில். 1821இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டிய கோயில் அது. மேலே நீல வானமும் பொன் நட்சத்திரங்களுமாக வட்டக் கூரை. முதல் சுருதி எழுந்தபோது உட்கார்ந்திருந்த பெஞ்சே அதிர்ந்தது. பாடியதோ எங்கள் ஆயா மாவு ஆட்டிக்கொண்டே பாடும் ராகம்! அதே ராகம் எப்படி அங்கேயும் இங்கேயும் என்று அன்று தொடங்கிய கேள்விதான் இந்தக் கட்டுரை.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். ஆர்மோனியத்தில் பித்தளை நாக்குகள் காற்றில் துடித்து ஒலிக்கும். பைப் ஆர்கனின் பெரும்பாலான குழாய்கள் நம் புல்லாங்குழல் மாதிரி. ஒரு சுரத்துக்கு ஒரு குழாய். ஓசையின் நிறம் மாறவேண்டுமானால் அதற்கென்று இன்னொரு வரிசைக் குழாய்கள். ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தில் சில, மரத்தில் சில. நடு ஸ்தாயி 'ஸி'க்கு இரண்டு ஸ்தாயி கீழே ஒலிக்க எட்டடிக் குழாய் வேண்டும், மூன்று ஸ்தாயி கீழே போக பதினாறு அடி. மின்சாரம் வருவதற்கு முன்பு பின்னால் ஒரு ஆள் நின்று துருத்தி போடவேண்டும். தோலும் மரமும் பசையும் சேர்ந்த இந்தக் கருவிக்கு கடலோர ஈரக்காற்றும் கரையானும் எலியும் எவ்வளவு பெரிய விரோதிகள் என்று துறைமுகத்துப் பக்கம் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்களைப் போன்ற சபைகளுக்கு ஆர்மோனியம் போதும் என்று ஆனதில் வியப்பில்லை.

கருவி வராவிட்டாலும் பாட்டு வந்துவிட்டது. 1706 ஜூலையில் சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருக்குப் பின் வந்த சூல்ச் ஐயர் 1728இல் சென்னையில் மிஷன் வேலையைத் தொடங்கினார். சம்பளம் கொடுத்தது லண்டனிலிருந்த ஆங்கிலிக்கன் சங்கம், வேலை செய்தவர்கள் ஜெர்மன் லுத்தரன்கள். இந்தக் கலப்பை மறக்கவேண்டாம், பின்னால் இதுதான் வினையாயிற்று.

1742இல் சென்னைக்கு வந்தவர் பப்ரிஷியஸ் ஐயர். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அவர் டச்சுக்காரர்களிடம் இருந்த பழவேற்காட்டுக்குப் போனார். 1758இல் லாலியின் படை வந்து வேப்பேரியைச் சூறையாடியபோது மறுபடியும் அங்கேதான். சென்னையிலிருந்து வடக்கே போகிறவர் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கமாகத்தானே போகவேண்டும்? கண்டெய்னர் லாரிகள் நிற்கும் அந்தச் சாலையில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

வேப்பேரிக் கோயிலின் கதையும் சுவையானது. கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், கத்தோலிக்கர். சென்னை திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் அந்த ஆலயத்தைப் பறித்து 1752இல் மிஷனுக்குக் கொடுத்துவிட்டார்கள். உஸ்கானுக்கு அது அநியாயம்தான். அச்சகமும் அப்படியே. 1761இல் புதுச்சேரி விழுந்தபோது அங்கிருந்து எடுத்துவந்த அச்சுப்பொறி வேப்பேரிக்கு வந்தது, அரசாங்க வேலையையும் அடித்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. பிறகு பப்ரிஷியஸின் ஞானப்பாட்டுகளும் 1779இல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதியும் அச்சாயின.

ஜெர்மன் ராகம் நிதானமாக, படிப்படியாக நடப்பது. தமிழுக்கோ குறிலும் நெடிலும் உயிர். ராகம் நீட்டும் இடத்தில் குறில் வந்தால் பாட்டு தடுக்கிவிழும். பப்ரிஷியஸ் பெரும்பாலும் விழாமல் நடத்திவிட்டார். சில இடங்களில் இடிக்கும், நாங்கள் அதையும் பழகிவிட்டோம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் நம் ராக தாளத்தில் அமைந்தவை, அவற்றின் அழகு வேறு. ஆனால் சாவு வீட்டில் எங்கள் ஜனங்கள் எடுப்பது ஞானப்பாட்டைத்தான்.

இவ்வளவு செய்தவரின் முடிவு பரிதாபம். பணவிஷயத்தில் அவர் அப்பாவி. சபையாரின் பணத்தை வாங்கி நவாப் குடும்பத்தாருக்குக் கொடுத்த கடன் திரும்பவில்லை. கடன்காரராகச் சிறையிலும் இருந்தார். 1791இல் இறந்தார்.

1820களில் வேப்பேரி முழுக்க ஆங்கிலிக்கன் கைக்குப் போயிற்று. அதே காலத்தில் எழுந்த புதிய கட்டடம்தான் இன்றைய பரிசுத்த மத்தியா ஆலயம். 1833இல் பேராயர் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டார். அதை ஏற்காமல் பிரிந்தவர்கள் பலர். 1840களில் ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் மிஷன் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுத்துப் போனதால், அவர்களில் ஒரு பகுதியினர் லுத்தரன் பக்கம் சேர்ந்தார்கள். "எங்கள் பழைய பாட்டும் பழைய முறையும் வேண்டும்" என்பதுதான் காரணம் என்று சபைக் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாட்டும் ஒரு காரணம், மறுக்கவில்லை. சாதியும் காரணம். இதை எழுதினால் வருத்தப்படும் உறவினர்கள் எனக்கே உண்டு. புரசைவாக்கம் அடைக்கலநாதர் ஆலயம், பப்ரிஷியஸ் பள்ளி எல்லாம் அந்த லைப்சிக் வழியில் வந்தவை. 1919 ஜனவரி 14இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக அமைந்தது.

எங்கள் கோயிலில் இப்போது கீபோர்டு. பட்டனைத் தட்டினால் பைப் ஆர்கன் ஓசையும் வரும், பெஞ்சு மட்டும் அதிராது. போன டிசம்பரில் சாமான் அறையில் பழைய ஆர்மோனியத்தைத் திறந்து பார்த்தேன். துருத்தித் தோலை எலி தின்றிருந்தது. பெடலை மிதித்தேன். சுருதி எழவில்லை, அந்தக் கிறீச் மட்டும் வந்தது. பின்னால் நின்ற கோயில்பிள்ளை, "இன்னும் கொஞ்சம் மிதிங்க ஐயா" என்றார்.