கீழ்த்தாடையும் உறக்க மூச்சும்: பல் மருத்துவத்தில் ஒரு மறதியின் வரலாறு

உறக்கத்தில் மூச்சு அடைபடும் நோயான ஸ்லீப் ஆப்னியாவுக்கு இன்று முதலில் பரிந்துரைக்கப்படுவது சிபாப் கருவி. முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் இயந்திரம் அது. அதைத் தாங்க முடியாதவர்களுக்குப் பல் மருத்துவர் ஒரு வாய்க்கருவி செய்து தருகிறார். இந்த வரிசையைப் பார்ப்பவர்கள், சிபாப் மூத்தது, வாய்க்கருவி பின்னால் வந்த மாற்று என்றே எண்ணுவார்கள். காலக்கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கீழ்த்தாடையை முன்னுக்குக் கொண்டுவந்தால் மூச்சுப்பாதை திறக்கும் என்பது சிபாப்புக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பிறகு அது அரை நூற்றாண்டுக் காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. பல்லையும் தாடையையும் ஒரு மருத்துவத்துக்கும், தொண்டையையும் நுரையீரலையும் இன்னொரு மருத்துவத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுத்ததே அதற்குக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மயக்க மருந்தும் மோவாயும்

நாக்கின் பெரும்பகுதியாக அமைந்த தசை, மோவாய் எலும்பின் உட்புறத்தில் பிடித்திருக்கிறது. விழிப்பில் அது விறைப்பாக இருந்து நாக்கை முன்னே நிறுத்துகிறது. உறக்கத்தில் விறைப்பு தளர்கிறது. மல்லாந்து படுத்தவரின் நாக்கும் மெல்லண்ணமும் பின்னுக்குச் சரிகின்றன. வழி குறுகினால் குறட்டை. அடைபட்டால் மூச்சு நிற்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை ஒரு கணம் விழித்துத் திணறலோடு மூச்சை இழுக்கிறது. 10 நொடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் சேர்த்து எண்ணி, மணிக்கு 5 முறைக்கு மேல் போனால் நோய் என்றும், 30ஐத் தொட்டால் கடுமையான நோய் என்றும் கொள்வது இன்றைய வழக்கம்.

மயக்க மருந்தாகக் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட நோயாளிகளிடம் இதே அடைப்பை அறுவை மருத்துவர்கள் கண்கூடாகப் பார்த்தார்கள். கீழ்த்தாடையின் இரு மூலைகளையும் விரல்களால் பிடித்து முன்னுக்குத் தள்ளினால் மூச்சு வந்துவிடும் என்று நார்வே நாட்டு மருத்துவர் ஜேக்கப் ஹைபெர்க் 1874இல் எழுதினார். ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிஷ் ஃபான் எஸ்மார்க் அதைப் பரவலாக்கினார். நினைவிழந்தவரின் மூச்சுப்பாதையைத் திறக்க மருத்துவப் பயிற்சியில் இன்றும் கற்றுத் தரும் முறைகளில் இதுவும் ஒன்று.

பல் மருத்துவமும் அதே காலத்தில் வேறொரு வாசல் வழியாக மூச்சுக்கு அருகே வந்திருந்தது. வாயின் மேற்கூரையான அண்ணமே மூக்கின் தரையும் ஆகும். அண்ணம் குறுகினால் மூக்கின் உள்வழியும் குறுகும். சான் பிரான்சிஸ்கோவின் பல் மருத்துவர் எமர்சன் ஏஞ்செல், பதினான்கு வயதைக் கடந்த ஒரு சிறுமியின் மேல்வாயில் திருகு பொருத்திய கருவியை மாட்டி, அண்ணத்தின் நடுப்பொருத்தையே விலக்கி அகலமாக்கியதாக 1860இல் எழுதினார். பற்களுக்கு இடம் தேடுவதே அவருடைய நோக்கம். மூச்சைப் பற்றிய எண்ணம் அவருக்கு இல்லை. எலும்பு அப்படி விலகும் என்பதை உடன் தொழில் செய்தவர்கள் பலர் நம்பவில்லை. 1961இல் ஆண்ட்ரூ ஹாஸ் அந்த முறையை மீட்டெடுத்து, அண்ணம் விரியும்போது மூக்கின் உட்புறமும் விரிகிறது என்று காட்ட வேண்டியிருந்தது.

பியேர் ரோபேன்

இரண்டு வழிகளையும் ஒன்றாகப் பார்த்தவர் பாரிசின் வாய்நோய் மருத்துவர் பியேர் ரோபேன். 1902இல் அவர் ‘மோனோப்ளாக்’ என்ற ஒற்றைக் கட்டிக் கருவியை விவரித்தார். முதலில் அது பல்வரிசையைத் திருத்துவதற்கானது. ஆனால் அவருடைய கவனம் மெல்ல மெல்ல நாக்கின் பக்கம் திரும்பியது. கீழ்த்தாடை சிறுத்துப் பின்னுக்கு ஒதுங்கிய குழந்தைகளுக்கு நாக்கின் அடி தொண்டையில் விழுந்து மூச்சை அடைக்கிறது என்று 1923இல் எழுதினார். உறக்கக் கலக்கம், வளர்ச்சிக் குறைவு, பாலூட்டுவதில் சிரமம் எல்லாவற்றையும் அந்த ஒரே அடைப்போடு இணைத்தார். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை 1 சென்டிமீட்டருக்கு மேல் பின்தங்கிய குழந்தை 16 முதல் 18 மாதங்களைத் தாண்டிப் பிழைத்ததைத் தாம் பார்த்ததில்லை என்று 1934இல் அமெரிக்க இதழ் ஒன்றில் பதிவு செய்தார். சிறுதாடையும் பின்சரியும் நாக்கும் மூச்சடைப்புமாகச் சேர்ந்து வரும் பிறவிக் கோளாறு அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

ரோபேன் எல்லா நோய்க்கும் நாக்கையே காரணமாக்கினார் என்ற குறை உண்டு, அது நியாயமானதே. என்றாலும், தாடையை முன்னே நிறுத்தும் கருவியால் மூச்சைத் திருத்தலாம் என்று தெளிவாகச் சொல்லிச் செய்தவர் அவர். குழந்தை மருத்துவம் அவருடைய பெயரை எடுத்துக்கொண்டது, கருவியை எடுத்துக்கொள்ளவில்லை. பல் சீரமைப்புத் துறையிலோ, டென்மார்க்கின் விகோ ஆண்ட்ரேசன் தனியாக உருவாக்கிய ஆக்டிவேட்டர் என்னும் ஒத்த கருவி ஐரோப்பா எங்கும் பரவியது. பிள்ளைகள் அதை இரவில்தான் மாட்டிக்கொண்டு தூங்கினார்கள். கடைவாய்ப்பல் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அளந்த அத்துறைக்கு, அந்தப் பிள்ளைகள் எப்படி மூச்சு விட்டார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் இடம் இதுதான்.

உறக்கத்தை அளக்கத் தொடங்கியபோது

கேட்டிருந்தாலும் அளக்க வழி இருந்ததா என்பது நியாயமான கேள்வி. இரவு முழுவதும் மூளை அலை, மூச்சு, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் பழக்கம் 1950களில்தான் வேரூன்றியது. 1965இல் பிரான்சின் மார்சேயில் கஸ்தோவின் குழுவும், ஜெர்மனியில் யுங்கும் கூலோவும், பருத்த உடலும் பகல்தூக்கமும் உடையவர்களின் மூச்சு இரவில் திரும்பத் திரும்ப நிற்பதைப் பதிவு செய்து காட்டினார்கள். முதலில் கிடைத்த சிகிச்சை தொண்டையில் துளையிடுவது. பலன் உடனே தெரிந்தது. ஆனால் வாழ்நாள் முழுவதும் கழுத்தில் குழாயோடு இருக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியான் கில்லெமினோ 1976இல் நோய்க்கு இன்றைய பெயரை நிலைநிறுத்தினார். 1981இல் சிட்னியின் காலின் சல்லிவன், ஐந்து நோயாளிகளிடம் சிபாப் பலித்ததை வெளியிட்டார்.

வாய்க்கருவி திரும்பி வந்ததும் அதே ஆண்டுகளில்தான். 1982இல் சிகாகோவின் உளவியலாளர் ரோசலிண்ட் கார்ட்ரைட், மனநல மருத்துவர் சார்ல்ஸ் சாமெல்சனுடன் சேர்ந்து, நாக்கின் நுனியைக் குமிழுக்குள் உறிஞ்சிப் பிடித்து முன்னே வைக்கும் கருவியைச் சோதித்தார். 1984இல் ஜெர்மனியின் மையர்-எவர்ட் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் கருவிக்கு எஸ்மார்க்கின் பெயரையே சூட்டினார். அறுவை மேடையில் விரல்கள் செய்ததை இரவு முழுதும் பல்லில் மாட்டிய கருவி செய்தது. 1987இல் ஹோனலுலுவின் பல் சீரமைப்பு மருத்துவர் பீட்டர் ஜார்ஜ், ஆக்டிவேட்டர் வகைக் கருவியை மூச்சடைப்புக்கென்றே மாற்றியமைத்தார். தாடை எவ்வளவு முன்னே வருகிறது என்று அளக்க அவர் செய்த அளவுகோல் அவர் பெயரிலேயே பல் மருத்துவமனைகளில் புழங்குகிறது.

அந்த அளவெடுப்பு நோயாளிக்கு எளிதானது. மேல் கீழ் பல்வரிசைகளுக்கு அச்சு எடுக்கிறார்கள். அளவுகோலைக் கடிக்கச் சொல்லி, தாடையை முழுக்கப் பின்னுக்கு இழுக்கவும், பிறகு முடிந்த மட்டும் முன்னுக்கு நீட்டவும் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் பாதியோ அதற்குச் சற்று மேலோ தொடக்கப் புள்ளியாகிறது. மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என அக்ரிலிக்கில் வார்த்த இரு தட்டுகளை இணைக்கும் திருகை, நோயாளி சில நாட்களுக்கு ஒருமுறை மில்லிமீட்டரின் பின்னமாகத் திருப்பி முன்னேற்றுகிறார். குறட்டை அடங்கி, பகல்தூக்கம் குறைந்து, தாடை மூட்டும் வலிக்காத இடத்தில் நிறுத்த வேண்டும். கருவியை மாட்டியபடியே இன்னொரு உறக்கப் பரிசோதனை செய்து பார்த்தால்தான் வேலை முடிகிறது. பலரும் விட்டுவிடும் படி இதுதான். விடக்கூடாத படியும் இதுதான்.

சான்றுகள் சொல்வது

அமெரிக்க உறக்க மருத்துவச் சங்கத்துக்காக 1995இல் நடந்த முதல் பெரிய மதிப்பீடு, 320 நோயாளிகளைப் பற்றிய 21 வெளியீடுகளைத் தொகுத்தது. ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூச்சுத்தடை மணிக்கு 10க்குக் கீழே இறங்கியிருந்தது. குறிப்பிடத்தக்க ஒரு பங்கினருக்கு நோய் அடங்கவில்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்றும் கடினமே.

2013இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு என் பார்வையில் திருப்புமுனை. நடுத்தர, கடுமையான நோயுள்ள 126 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் ஒரு மாதம் சிபாப்பும் ஒரு மாதம் வாய்க்கருவியும் பயன்படுத்தும்படி செய்தார்கள். மூச்சுத்தடையைக் குறைப்பதில் சிபாப்பே மேல்: அதில் மணிக்கு சுமார் 4.5, வாய்க்கருவியில் சுமார் 11. ஆனால் இரத்த அழுத்தம், பகல்தூக்கம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றில் வாய்க்கருவி பின்தங்கவில்லை. நோயாளிகள் சொன்னபடி வாய்க்கருவியை இரவுக்கு 6.5 மணி நேரம் போட்டிருந்தார்கள், சிபாப்பை 5.2 மணி நேரம். ஆற்றல் மிகுந்த கருவியைப் பாதி இரவில் கழற்றி வைப்பவருக்கு, ஆற்றல் குறைந்ததை விடியும்வரை போட்டிருப்பவர் நிகராகிவிடுகிறார். உறக்க மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் கூடி வெளியிட்ட 2015ஆம் ஆண்டு வழிகாட்டி, சிபாப்பைத் தாங்க முடியாத அல்லது வேறு வழி விரும்பும் பெரியவர்களுக்கு, தகுதி பெற்ற பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்யும், முன்பின் திருத்தக்கூடிய கருவியைப் பரிந்துரைத்தது. நோயைக் கண்டறிவது மருத்துவர் பொறுப்பு என்றும் சொன்னது.

விலையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தாடையை முன்னே இழுக்கும் விசை பற்களின் மேல்தான் விழுகிறது. சராசரியாகப் பத்தாண்டுக்கு மேல் போட்டவர்களைப் பின்தொடர்ந்த கனடா ஆய்வில், மேல்பற்கள் கீழ்ப்பற்களை மூடும் அளவு சராசரியாக 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைந்திருந்தது. கடி மாறுகிறது, தாடை மூட்டு சிலருக்கு நோகிறது, ஆடும் பற்களும் ஈறு நோயும் உள்ளவர்களுக்குக் கருவி நிற்காது.

குழந்தைகள் விஷயத்தில் ஆர்வம் சான்றை முந்திக்கொண்டு ஓடுகிறது. 2004இல் இத்தாலியின் பாவ்லா பிரெல்லி, கில்லெமினோவுடன் சேர்ந்து, குறுகிய அண்ணம் கொண்ட 31 குழந்தைகளுக்கு அண்ணத்தை விரித்தபோது மூச்சுத்தடை மணிக்கு 12இலிருந்து 1க்கும் கீழே வந்ததாகக் காட்டினார். அருமையான முடிவுதான், ஆனால் அண்ணம் குறுகாத குழந்தைக்கு அது பொருந்தாது. பல் எடுத்துக் கம்பி கட்டினால் பின்னாளில் மூச்சடைப்பு வரும் என்ற அச்சமும் பெற்றோரிடையே பரப்பப்படுகிறது. 2015இல் 5,500க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் அப்படி ஒரு தொடர்பைக் காணவில்லை. நோய் வராமல் தடுக்கவென்றே அண்ணத்தை விரிப்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019இல் அறிவித்தது. டான்சிலும் அடினாய்டும் பருத்த குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவரே.

முதியவர்களைப் பற்றியும் ஒரு சொல். பல் முழுதும் போனவர்கள் பல்செட்டைக் கழற்றிவிட்டுத் தூங்கும்போது மூச்சுத்தடை கூடுவதை இத்தாலியின் தூரின் நகர ஆய்வு 2006இல் கண்டது. பின்வந்த ஆய்வுகள் ஒன்றுபடவில்லை. செட்டோடு தூங்கும் முதியவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரு மடங்கு என்று 2015இல் ஜப்பானிய ஆய்வு சொன்னது. ஆகவே கழற்றிக் கழுவி வைப்பதே பொதுவிதி. மூச்சடைப்பு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

நமக்கு மிக நெருக்கமான பாடம் பல் நாற்காலியில் இருக்கிறது. தேய்ந்த பற்கள், ஓரங்களில் பல்தடம் பதிந்த நாக்கு, குறுகி உயர்ந்த அண்ணம், பின்தங்கிய மோவாய், வாய் திறந்தால் உள்நாக்கே தெரியாத தொண்டை: இவற்றில் எதுவும் தனியே நோயை நிரூபிக்காது, சேர்ந்து வந்தால் விசாரிக்கச் சொல்லும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இவற்றை நேரில் பார்க்கும் வாய்ப்புள்ளவர் பல் மருத்துவர் மட்டுமே. நோயாளிகளின் உறக்கத்தையும் மூச்சையும் விசாரிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2017இல் தன் உறுப்பினர்களிடம் கேட்டுக்கொண்டது. நம் பல் மருத்துவக் கல்லூரிகளும் அதைப் பாடமாக்க வேண்டும். நீங்களும் அடுத்த முறை பல்லைக் காட்டப் போகும்போது, குறட்டையையும் பகல்தூக்கத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். உறக்கப் பரிசோதனை செய்யாமல் எந்த வாய்க்கருவியையும் வாங்கிவிடாதீர்கள்.