தபாலில் வளர்ந்த பாடல்கள்: வீட்டு ஒலிப்பதிவும் தொலைவிலிருந்து வந்த கருத்தும்

வெவ்வேறு ஊர்களில் வாழும் இசைஞர்கள் ஒரே அறையில் கூடாமல், அவரவர் வீட்டிலேயே தத்தம் பகுதியைப் பதிவு செய்து, ஒருவருக்கொருவர் அனுப்பி ஒரு பாடலை உருவாக்குவது இன்று சாதாரணமாகிவிட்டது. கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவியாகிவிட்ட காலம் இது. ஆனால் இப்படி உருவாகும் பாடலுக்கு ஒரு பழைய சிக்கல் உண்டு. பாடி முடித்ததும் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து நிலவரம் தெரிந்துகொள்ள முடியாது. கருத்து கேட்டு வாங்க வேண்டும், வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். வந்த பிறகு அதன்படி பாடலைத் திருத்த முடியுமா என்பது அந்தந்தக் காலத்துக் கருவியைப் பொறுத்தது. கருவியின் வரலாற்றைத் தெரிந்துகொண்டால் கருத்தின் வரலாறும் பாதி புரிந்துவிடும்.

வீட்டுக்குள் வந்த ஒலிப்பதிவு

அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் 1948-இல் வெளியிட்ட 'லவர்' என்னும் இசைத்தட்டில் எட்டுக் கிதார் பகுதிகள் ஒலிக்கின்றன. எட்டையும் வாசித்தவர் அவர் ஒருவரே. ஹாலிவுட்டில் தம் வீட்டுக் கார் கொட்டகையில், ஒரு தட்டில் பதிந்ததை ஓடவிட்டு, அதனோடு சேர்த்து வாசித்து அடுத்த தட்டில் பதிந்தார். ஆறாவது அடுக்கில் கைதவறினால், அதுவரை சேர்ந்திருந்த தட்டை மறுபடி ஓடவிட்டு மீண்டும் வாசிக்க வேண்டியதுதான். முதல் அடுக்கு சரியில்லை என்று கடைசியில் யாராவது சொன்னால் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே வாசிக்க வேண்டும்.

1979-இல் ஜப்பானின் டீயாக் நிறுவனம் 'போர்டாஸ்டுடியோ 144' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு தனித்தனித் தடங்களைப் பதிய அது வழி செய்தது. குரல் ஒரு தடம், கிதார் ஒரு தடம். ஒன்றைத் தொடாமல் மற்றொன்றை மாற்றலாம்.

இக்கருவியால் பிறந்த புகழ்பெற்ற தொகுப்பு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'நெப்ராஸ்கா'. 1982 ஜனவரியில், நியூஜெர்சி மாநிலத்தில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் வாடகை வீட்டில் தனியாக அமர்ந்து அவர் பதிந்த பாடல்கள் அவை. தம் குழுவினருக்குக் கேட்கக் கொடுப்பதற்காகச் செய்த மாதிரிப் பதிவுகள் மட்டுமே. அந்தக் கேசட்டை உறைகூட இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சில காலம் திரிந்தார். பிறகு குழு முழுவதும் ஸ்டுடியோவில் கூடி அதே பாடல்களை வாசித்துப் பார்த்தது. வாசிப்பில் குறை இல்லை. ஆனால் கேசட்டில் இருந்த தனிமை அதில் வரவில்லை. முடிவில் அந்தக் கேசட்டையே தொகுப்பாக 1982 செப்டம்பரில் வெளியிட்டார்கள். திறமையான ஒரு குழு திரும்பத் திரும்ப வாசித்துக் காட்டிய பிறகே, முதலில் இருந்ததே போதும் என்பது தெரிந்தது. வாயால் சொல்லி இந்த முடிவுக்கு வந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சேர்ந்து வாசிக்க ஏன் இயலாது?

'தொலைபேசியிலோ இணையத்திலோ ஒரே நேரத்தில் சேர்ந்து வாசித்துவிடலாமே' என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் தாளம் நம் காதுக்கு வர சுமார் 30 மில்லிநொடி ஆகும். இதற்கு மேல் தாமதம் கூடினால் ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து காலப்பிரமாணம் இழுபடத் தொடங்கும். பெரிய மேடையில் இரு கோடியில் அமர்ந்தவர்களுக்கே இத்தொல்லை உண்டு. இணைய இணைப்பில் ஒலியை எண்ணாக மாற்றி, பொட்டலமாகக் கட்டி, பிரித்துக் கேட்க ஆகும் தாமதம் பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஒருவர் வாசித்து முடித்து அனுப்ப, மற்றவர் அதைக் கேட்டபடி தம் பகுதியைச் சேர்ப்பதே நடைமுறையானது.

அனுப்புவதும் எளிதாக இல்லை. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நிமிட இசை ஏறத்தாழ 10 மெகாபைட் இடம் பிடிக்கும். நான்கு நிமிடப் பாடலை 2001-இல் வீடுகளில் இருந்த 56 கிலோபிட் மோடம் வழியாக இறக்க, அது முழு வேகத்தில் ஓடினாலும் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அனுப்பும் திசையில் வேகம் இன்னும் குறைவு. தனித்தனித் தடங்கள் என்றால் சொல்லவே வேண்டாம். உறையில் போட்டுத் தபால்தலை ஒட்டுவதே மேல்.

லாஸ் ஏஞ்சல்ஸும் சியாட்டிலும்

அப்படித்தான் செய்தார்கள் ஜிம்மி டம்போரெல்லோவும் பென் கிப்பர்டும். முன்னவர் லாஸ் ஏஞ்சல்ஸில் 'டென்டெல்' என்ற பெயரில் மின்னணு இசை அமைத்தவர். பின்னவர் சியாட்டிலில் 'டெத் கேப் ஃபார் க்யூட்டி' குழுவின் பாடகர். 2001-இல் வெளியான டென்டெல் தொகுப்பு ஒன்றில் இருவரும் ஒரு பாடலுக்குச் சேர்ந்தார்கள். அது பிடித்துப்போகவே ஒரு முழுத் தொகுப்புக்குத் திட்டமிட்டார்கள். டம்போரெல்லோ வாத்திய இசையைப் பதிந்து தபாலில் அனுப்புவார். கிப்பர்ட் தம் விருப்பப்படி அதை வெட்டி ஒட்டி, வரிகள் எழுதி, பாடிச் சேர்த்துத் திருப்பி அனுப்புவார். குழுவின் பெயரே 'தி போஸ்டல் சர்வீஸ்' ஆயிற்று. ஜென்னி லூயிஸ் உடன் பாடினார். 2003 பிப்ரவரியில் 'கிவ் அப்' என்ற அத்தொகுப்பு சியாட்டிலின் சப் பாப் நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது.

இங்கே கருத்து தனியாக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'இந்த முன்னிசை நீளம்' என்று கிப்பர்ட் கடிதம் எழுதத் தேவையில்லை. அதைக் குறைத்துவிட்டே பாடலாம். திரும்பி வந்த பதிவைக் கேட்டாலே, எது தங்கியது, எது போனது, எந்த இடத்தில் குரல் நுழைந்தது என்று அனுப்பியவருக்குத் தெரிந்துவிடும். வகுப்பில் மாணவர் கட்டுரையைச் சிவப்பு மையால் திருத்துவதற்கும், அதே கட்டுரையை நாமே எழுதிக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டாவதற்கு இரு பக்கமும் நம்பிக்கை வேண்டும். தம் இசையில் கைவைக்க இன்னொருவரை விடுவது எல்லோராலும் முடிகிற காரியம் அல்ல.

தொகுப்பு யாரும் எதிர்பாராத அளவு விற்றது. சப் பாப் நிறுவன வெளியீடுகளில் நிர்வாணா குழுவின் 'ப்ளீச்' தொகுப்புக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அமெரிக்கத் தபால் துறையும் விழித்துக்கொண்டு, தன் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று ஓலை அனுப்பியது. பிறகு சமாதானம் ஏற்பட்டது. பெயரை வைத்துக்கொள்ளலாம், பதிலுக்குத் தபாலின் பெருமையைப் பரப்ப உதவ வேண்டும். 2004-இல் தபால் துறைத் தலைவர் நடத்திய மாநாட்டிலேயே குழு பாடியது. சில ஆண்டுகள் கழித்து அவர்களுடைய 'சச் கிரேட் ஹைட்ஸ்' பாடலின் இசையைத் தொலைக்காட்சி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது தபால் துறைக்குப் போட்டியான யு.பி.எஸ். நிறுவனம்! இரண்டாம் தொகுப்பு மட்டும் வரவேயில்லை.

பின்னர் இணைய வேகம் கூடியது. 2010-இல் எரிக் விட்டேக்கர், 12 நாடுகளிலிருந்து 185 பேர் அவரவர் இடத்தில் பாடி அனுப்பிய பதிவுகளை ஒரே சேர்ந்திசையாக வெளியிட்டார். 2020-இன் ஊரடங்கில் பள்ளிப் பிள்ளைகளும் இதைச் செய்தார்கள்.

ஒரு கேசட்

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்கள் கேசட்டில் பேசி வீட்டுக்கு அனுப்பிய காலத்தில், என் பழைய மாணவன் ஒருவன் ஒரு பாட்டை அனுப்பினான். மஸ்கட்டில் இருந்த நண்பன் ஆர்மோனியமும் தபேலாவும் வாசித்து அனுப்பியதை ஒரு டேப் ரெக்கார்டரில் ஓடவிட்டு, தான் பாடியதை இன்னொன்றில் பதிந்திருந்தான். 'நன்றாக இருக்கிறது' என்று அஞ்சலட்டை போட்டேன். 'எது சரியில்லை என்று எழுதவில்லையே சார்' என்று பதில் வந்தது. வெட்கமாக இருந்தது. காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். பல்லவியில் தபேலா குரலை அமுக்குகிறது, சரணத்தின் இரண்டாம் அடியில் சொல் தெளிவில்லை என்று எழுதினேன்.

சொன்னது சரிதான். ஆனால் தடம் பிரிக்க வழி இல்லாத கேசட் அது. தபேலாவைக் குறைக்க வேண்டுமானால் பாட்டு முழுவதையும் அவன் மறுபடி பாட வேண்டும். பாடினான். புதிய கேசட்டில் தபேலா அளவாக இருந்தது, சொற்களும் தெளிவாக இருந்தன. முதல் கேசட்டில் அவன் குரலில் இருந்த பதற்றம் மட்டும் இதில் இல்லை. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. அதை அவனுக்கு எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, எழுதினேன்.