படத்தின் அளவு குறைத்தல்
இணையத்தில் ஏற்றுமுன் ஒரு படத்தின் புள்ளிகளை, அதாவது பிக்சல்களைக் குறைப்பது அளவு குறைத்தல் எனப்படும். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் பொதுவாக 4000 × 3000 புள்ளிகள் கொண்டது. 1920 × 1080 புள்ளிகளே உள்ள திரைக்கு அதில் பெரும்பகுதி வீண். அகலத்தை 1000 ஆக்கினால் உயரம் 750 ஆகும். மொத்தப் புள்ளிகள் பதினாறில் ஒரு பங்காகிக் கோப்பும் வெகுவாக இளைக்கும். விகிதத்தைப் பூட்டாமல் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் முகங்கள் சப்பையாகிவிடும். பலர் மெனக்கெட்டு மாற்றும் டிபிஐ எண், அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்பது, அச்சுக்கு உரியது. திரையில் அதனால் பயனில்லை. அளவு குறைக்கையில் அருகருகே உள்ள புள்ளிகளின் நிறம் சராசரியாக்கப்படுவதால் ஓரங்கள் சற்று மங்கும். லேசாகக் கூர்மையாக்கினால் போதும். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால் தரம் உதிரும். குறைத்த படத்தை வேறு பெயரில் சேமிப்பதே முறை. இழந்த நுணுக்கம் பெரிதாக்கினாலும் திரும்பாது.