வலி மாத்திரைக்கு அடிமையானவர் வேலையை இழக்காமல் மீள முடியுமா?

போதை என்றதும் மதுவும் கஞ்சாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. மருந்துக் கடையில் அட்டையாகக் கிடைக்கும் வலி மாத்திரை நினைவுக்கு வருவதில்லை. டிரமடால், டேபன்டடால், கோடின் கலந்த இருமல் மருந்து ஆகியவை அபின் வகையைச் சேர்ந்தவை. ஹெராயினும் அதே குடும்பம்தான். முதுகுவலிக்கோ அறுவை சிகிச்சைக்குப் பிறகோ தொடங்கிய மாத்திரை, சில மாதங்களில் அது இல்லாமல் காலையில் எழுந்து வேலைக்குப் போக முடியாது என்ற நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறது. சம்பளம் மாதாமாதம் வீட்டுக்கு வருகிறது, ஜமாஅத்திலும் பார்க்க முடிகிறது என்பதால் வீட்டாருக்குச் சந்தேகமே வருவதில்லை.

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் சுமார் 2.26 கோடி பேர் அபின் வகைப் பொருட்களைப் பயன்படுத்துகிறார்கள். 2018 ஏப்ரலில் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு தமிழகக் காவல்துறை பிடிக்கும் மாத்திரைகளில் டேபன்டடால் பெயர் அடிக்கடி வருகிறது.

மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் உடல் காட்டிக் கொடுத்துவிடும். மூக்கொழுகல், கொட்டாவி, உடம்பு முறிப்பது போன்ற வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சம். ஒரு வாரம், பத்து நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். அலுவலகத்தில் 'வைரஸ் காய்ச்சல்' என்று சொல்லி வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு இதைக் கடந்து வந்தவர்கள் உண்டு. குடும்பமும் 'அல்ஹம்துலில்லாஹ், முடிந்தது' என்று நிம்மதி அடைகிறது.

உண்மையான ஆபத்து அந்த நிம்மதிக்குப் பிறகுதான். பத்து நாள் நிறுத்தியதும் உடல் தாங்கும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். ஆசையோ மறையாது. ஒரு மாதம் கழித்து, மன உளைச்சலான ஒரு நாளில் பழைய அளவையே எடுத்துக்கொண்டால் மூச்சு நின்று போகலாம். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகி, தட்டியும் எழவில்லை என்றால் உடனே 108ஐ அழைக்க வேண்டும். நலாக்சோன் ஊசி அந்த நேரத்தில் உயிரைத் திருப்பித் தரக்கூடியது.

இதனால்தான் மருத்துவர்கள் பலருக்குத் தொடர் மருந்து தருகிறார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரை உடல் துன்பத்தையும் ஆசையையும் அடக்கும். சரியான அளவில் எடுப்பவருக்குப் போதை ஏறாது, வேலைக்குப் போக முடியும். உலக சுகாதார அமைப்பு இதையும் மெத்தடோனையும் 2005ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 'ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?' என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியோடு ஆலிமிடம் போகுமுன், மருத்துவரிடம் போய் நோயையும் மருந்தையும் கேட்டறிந்து செல்லுங்கள். பாதியில் மருந்தைப் பிடுங்கி எறிவது பிள்ளையைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ எடுத்து, மருத்துவர் சொன்னபடி மெல்லக் குறைப்பதுதான் வழி.

படித்தவர், வசதியுள்ளவர் குடும்பத்திலும் இது நடக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. டி.டி.கே. தொழில் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் மதுவுக்கு அடிமையாகி 1979ல் இறந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அதை மறைத்து வைக்காமல், 1980ல் கணவர் பெயரிலேயே சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை அதுதான். மதுவோடு மற்றப் போதைகளுக்கும் அங்கே சிகிச்சை உண்டு. நோயாளியை விட்டுவிட்டுப் போய்விட முடியாது, வீட்டாரும் ஆலோசனை வகுப்புகளில் உட்கார வேண்டும். 1992ல் சாந்தி ரங்கநாதனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கோட்டைக்குப்பம் போன்ற பழவேற்காடு ஏரிக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு அடையாறு தூரம்தான். அரசு தரப்பில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை உண்டு. 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களும் 2025ல் பல மாவட்டங்களில் தொடங்கப்பட்டன. அருகில் எது என்பதை 14446 அல்லது 104ல் கேட்கலாம். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குபவர்கள் முதலில் இந்தத் தொலைபேசியிலாவது பேசட்டும்.

வேலை என்ன ஆகும்? 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், போதையால் வரும் மனநல பாதிப்பையும் உள்ளடக்கியது. சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கும் உரிமையை அது தருகிறது. விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயரை எழுத வேண்டுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். மருத்துவக் காப்பீட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள், பல பாலிசிகளில் போதைச் சிகிச்சை விலக்கப்பட்டிருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கு வந்தவர், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு அவருக்கு வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு போய்விடலாம்.

சிலருக்கு வேலையின் தன்மையையே மாற்ற வேண்டியிருக்கும். வண்டி, கிரேன், விசைப்படகு ஓட்டுபவர் மருந்தின் அளவு நிலைப்படும் வரை அதைத் தொடக்கூடாது. மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ வேலை செய்பவருக்கு மருந்து அலமாரிச் சாவி கையில் இருப்பதே சோதனை. வேறு பிரிவு கேட்டு வாங்குவது நல்லது.

ரமலானில் என்ன செய்வது என்றும் கேட்பார்கள். புப்ரினார்பின் பெரும்பாலும் நாளைக்கு ஒரு வேளை மருந்து என்பதால் ஸஹர் அல்லது இஃப்தார் நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். வாந்தியும் பேதியுமாக இருக்கும் முதல் நாட்களில் அவர் நோயாளி, நோன்பில் நோயாளிக்குச் சலுகை உண்டு.

வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். டிரமடால் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டாக்டர் சீட்டு இருந்தாலும், அந்நாட்டு அரசின் முன்அனுமதி இல்லாமல் பெட்டியில் எடுத்துச் செல்லக்கூடாது. புப்ரினார்பினுக்கும் எந்த நாட்டுக்குப் போகிறோமோ அந்த நாட்டின் விதியை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள். 'நண்பருக்குக் கொடுத்துவிடு' என்று யாராவது நீட்டும் மாத்திரை அட்டையையும் வாங்காதீர்கள்.