சாயப்பட்டறை நொதிகள்: வெப்பநிலை, பிஎச், மூச்சுநலம்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் பனியன் துணியின் மேலுள்ள பிசிறுகளை நீக்கச் செல்லுலேஸ் என்னும் நொதி பயன்படுகிறது. தொழிலாளர்கள் இதனை என்சைம் என்பர். நொதி ஒரு புரதம். வெப்பநிலை உயர உயர அதன் வேகம் கூடும். ஓர் எல்லையைக் கடந்தால் வடிவம் குலைந்து செயலிழக்கும். அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு பெரிதும் மாறினாலும் அவ்வாறே. அமிலச் செல்லுலேஸ் 50 முதல் 55 டிகிரி செல்சியஸிலும், பிஎச் 4.5 முதல் 5.5 வரையிலும் நன்கு செயல்படும். பணி முடிந்ததும் நீரை ஏறத்தாழ 80 டிகிரிக்குச் சூடாக்கி அதனை நிறுத்துவர். இல்லையேல் துணியே நலிந்துவிடும். நம் இரைப்பையிலுள்ள பெப்சினும் இத்தகையதே: பிஎச் 2 அளவில் முழுவீச்சில் இயங்கி, சிறுகுடலின் காரச் சூழலில் அடங்கிவிடும்.

உடல்நலத்திற்கான கவனம் பெரிதும் தேவைப்படுவது, நொதியைத் தொட்டியில் இடுவதற்கு முன்னர்தான். எடை போடும்போது பறக்கும் நொதித் தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் ஏற்படக்கூடும். கைக்குட்டை கட்டுவது போதாது. என்95 முகக்கவசம் அணியுங்கள். சிந்திய தூளைக் காற்றடித்து அகற்றாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை நாள்களில் இருமலும் மூச்சிரைப்பும் மிகுந்து விடுமுறையில் குறைந்தால், பஞ்சுத் தூசிதான் என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனையை அணுகி, நீங்கள் கையாளும் நொதியின் பெயரையும் கூறுங்கள். அத்தகவலின்றி இந்நோயின் காரணத்தைக் கண்டறிவது கடினம்.